மே/பா

மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்துக்குக் கீழே
போட்டோகொப்பி, லெமினேட், ரீலோட்.
என் கடை எட்டடி அகலம்.
இதற்குள் நாற்பத்தியொரு பேர் குடியிருப்பதாகத்
தபால்கார சோமசிறி கணக்கு வைத்திருக்கிறார்.

முதலில் வந்தவன் கிஷோபன்.
"அக்கா, சிங்களத்துல இருக்கு,
என்ன போட்டிருக்கான்னு பாருங்க."
மின்னிணைப்புப் பயிற்சி. ஹட்டனில் நேர்முகம்.
பதினான்காம் திகதி, காலை ஒன்பது மணி.
அன்றைக்குத் திகதி இருபத்திரண்டு.

கடிதம் நேரத்துக்குத்தான் வந்திருந்தது, தோட்டத்து ஆபீசுக்கு.
அங்கே உரக் கணக்குக்குக் கீழே கிடந்து
யாரோ ஒருவரின் சட்டைப் பைக்குப் போய்
பிரட்டுக்களத்தில் யாரோ ஒருத்தியின் கூடைக்கு மாறி
நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து
மேல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது.
லயத்துக்கு நம்பர் உண்டு.
ஒரு நம்பருக்குப் பன்னிரண்டு வாசல்.

அந்தக் கடிதத்தையே இரண்டு பிரதி எடுத்து
காசு கொடுத்துவிட்டுப் போனான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவன் தங்கச்சி வந்தாள், லோஜினி.
அண்ணன் வெள்ளவத்தைத் துணிக்கடையில்
பெட்டி தூக்குவதாகச் சொன்னாள்.
அவளுக்கும் ஒரு படிவம்.
பெயர் எழுதினாள்
(பிறப்புச் சான்றிதழில் லோசனி; அது வேறு கதை,
வேறு பஸ், வேறு மூன்று நாள் சம்பளம்).
முகவரியில் பேனா நின்றது.
"என் கடையைப் போடு" என்றேன்.
யோசித்துச் சொன்னதில்லை.
பின்னால் வரிசை நின்றது, மிஷின் சூடாகியிருந்தது.

என் பெயருக்கு முன்னால் மே/பா என்று எழுதினாள்.
மேற்பார்வை.
எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குத்
தொப்பியும் கம்பும் உண்டு,
தராசில் இரண்டு கிலோ கழிக்கும் கை உண்டு.
என் கடையோ
ரோட்டுக்கே ஆறு படி கீழே.

பிறகு ஒருவர் சொல்லி ஒருவர்.
பேக்கரி, குளிர்சாதனம் திருத்தல், தாதி உதவியாளர்.
கடிதம் வந்தால் போன் அடிப்பேன்.
சிக்னல் இல்லாவிட்டால் கடைசி பஸ் கொண்டக்டரிடம் சொல்வேன்,
மேல் டிவிஷன் வளைவில் இரண்டு முறை ஹோர்ன்.
கறுப்புச் சப்பாத்து அவசியம் என்றது ஒரு கடிதம்.
ஏழாம் அளவில் ஒரு ஜோடி வாங்கி வைத்தேன்.
அது பதினொரு நேர்முகத்துக்குப் போயிருக்கிறது.
பெரிய காலைக் கடித்தது,
சின்னக் காலுக்குப் பேப்பர் திணித்தோம்.
நான்கு தடவை தோற்றது.
எல்லாத் தடவையும் சேறோடு திரும்பியது.

தெரிவானவர்களில் இரண்டு பேர் பாதியில் விட்டார்கள்.
ஒருவனுக்கு போர்டிங் காசு கட்டவில்லை.
மற்றவளுக்கு வோல்ட் புரிந்தது,
வாத்தியாரின் சிங்களம் புரியவில்லை.
இரண்டாவதற்காவது நான் ஏதாவது செய்திருக்கலாம்.

போன போயா லீவில் லோஜினி வந்தாள்,
இடுப்பில் டெஸ்டரும் குறடும்.
கேட்காமலே என் மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்தாள்.
"எர்த் இல்லையேக்கா உங்க கடைக்கு!
இத்தன வருஷமா எப்படித் தப்பிச்சீங்க?"
படிக்குப் பக்கத்தில் செம்புக் கம்பியை நிறுத்தி
அடிக்கத் தொடங்கினாள்.
அந்தத் துண்டு மண் தோட்டத்துக்கா, பிரதேச சபைக்கா
இன்னும் தீரவில்லை.
அவள் அடித்தாள். கம்பி நான்கடி இறங்கியது.

கை கழுவி வந்தவளிடம்
கண்ணாடிக்குக் கீழிருந்த கடிதத்தைக் காட்டினேன்.
அண்ணனுக்காக அவளே நிரப்பி
அவளே மறந்துபோன படிவத்துக்குப் பதில்.
கிஷோபனின் நம்பரை அடித்தால்
வேறு யாரோ பேசுகிறார்.
"விடுங்க, வெள்ளவத்தைக்கு நானே போறேன்" என்று
பையில் வைத்தாள்.

நேர்முகம் இருபத்தேழு.
இன்று பத்தொன்பது.
அவனுக்குக் கால் ஒன்பதாம் அளவாம்.